புல்வெளியில் கூடாரத்துக்குத் தடை: இமயமலை நடைப்பயணிகள் இரவில் எங்கே தங்குவது?

டேராடூன்: உத்தராகண்ட் மாநிலத்தின் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்கு அம்மாநில உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்ட் 21 அன்று தடை விதித்தது. ஒரு புல்வெளிக்குச் செல்லும் பயணிகளின் எண்ணிக்கை 200-ஐத் தாண்டக் கூடாது என்றும் அதே தீர்ப்பு வரம்பு கட்டியது. இந்தியாவில் மலை நடைப்பயணம் பற்றி வெளியான நீதிமன்ற ஆணைகளில் இவ்வளவு பரவலாகப் பேசப்பட்டது வேறொன்று இருக்க முடியாது.

ஆண்டுகள் பல கடந்த பின்னும் அந்தத் தீர்ப்பு எழுப்பிய கேள்விக்கு முழு விடை கிடைக்கவில்லை. புல்வெளியைக் காக்க வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், மூன்று நான்கு நாள் நடந்து உயரம் ஏறும் ஒருவர் இரவில் எங்காவது படுத்தாக வேண்டும். அந்த இடம் எது என்பதைப் பொறுத்தே புல்லின் நிலையும், பல வேளைகளில் நடப்பவரின் உயிரும் அமைகின்றன.

புக்யால் என்பது என்ன?

கர்வால், குமாவுன் பகுதி மக்கள் உயர்மலைப் புல்வெளியைப் 'புக்யால்' என்று அழைக்கின்றனர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,300 முதல் 3,600 மீட்டர் உயரத்தில் மரங்கள் நின்றுவிடுகின்றன. அதற்கு மேல், நிலையான பனி தொடங்கும் இடம் வரை விரிந்து கிடக்கும் புல்நிலமே புக்யால். சமோலி மாவட்டத்தின் அலி, பேதினி புல்வெளிகளும், உத்தரகாசி மாவட்டத்தின் தயாரா, குஷ் கல்யாண் புல்வெளிகளும் நடைப்பயணிகளுக்கு நன்கு அறிமுகமானவை. பேதினியில் நின்றால் திரிசூல், நந்தா குண்டி சிகரங்கள் கண்ணெதிரே தெரியும்.

ஆண்டில் ஐந்தாறு மாதங்கள் இந்நிலம் பனியின் அடியில் கிடக்கிறது. பனி உருகும் மே மாதத்திலிருந்து மீண்டும் உறைபனி விழும் செப்டம்பர் இறுதி வரையிலான குறுகிய காலத்திற்குள் புல் முளைத்து, பூத்து, விதை சிந்தி முடிக்க வேண்டும். மண்ணின் கனமும் குறைவு. பல இடங்களில் பாறையின் மீது சில அங்குல மண்ணே படிந்திருக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது பின்னிப் பிணைந்த புல்வேர்களின் மெத்தைதான். ஜடாமாஞ்சி, குட்கி, அதிவிடயம் முதலான மருந்துச் செடிகளும், மழைக்காலத்தில் பிரம்ம கமலமும் இந்த உயரங்களில் வளர்கின்றன.

சமவெளியில் பெயர்த்தெடுத்த புல்தரை ஒரு மழையில் மூடிக்கொள்ளும். 3,500 மீட்டர் உயரத்தில் அதே காயம் ஆறப் பல ஆண்டுகள் ஆகலாம். சில இடங்களில் ஆறாமலே போகும்.

ஒரு கூடாரம் என்ன செய்துவிடும்?

துணிக் கூடாரம் ஒன்று ஓரிரவு நின்று மறுநாள் காலையில் அகன்றால் பெரிய கேடு நேர்ந்துவிடாது. அழுந்திய புல் சில நாள்களில் நிமிர்ந்துவிடும். கேடு வேறு வகையில் வருகிறது.

வணிக முறையிலான மலைப்பயணங்களில் ஒரு குழு கீழிறங்கும் முன்பே அடுத்த குழு மேலேறி வருகிறது. ஒவ்வொரு முறையும் கூடாரங்களைப் பிரித்துச் சுமந்து செல்வது வீண் வேலை என்பதால், பருவத் தொடக்கத்தில் அடித்த கூடாரம் அதே இடத்தில் வாரக்கணக்கில் நின்றுவிடுகிறது. அதன் அடியில் உள்ள புல் வெயிலைக் காண்பதில்லை, வெளுத்து மடிகிறது. மழைநீர் உள்ளே புகாதிருக்கக் கூடாரத்தைச் சுற்றிச் சிறு வாய்க்கால் வெட்டுவது மலைகளில் பழைய வழக்கம். அந்த வெட்டில்தான் வேர் மெத்தை அறுபடுகிறது. சரிவில் இறங்கும் நீர் அந்தப் பிளவுக்குள் புகுந்து மண்ணைக் கரைக்கிறது. குளிர்காலத்தில் மண்ணுக்குள் உள்ள ஈரம் உறைந்து விரிந்து ஓரங்களை மேலும் உடைக்கிறது. விரற்கடை அகல வாய்க்கால், சில மழைக்காலங்களில் ஆள் இறங்கும் ஓடையாகிவிடும்.

இதனுடன் சமையல் கூடாரம், உணவுக் கூடாரம், பொருள்களைச் சுமக்கும் கோவேறு கழுதைகளின் குளம்புகள், கழிவறைக் குழிகள் ஆகியவையும் சேர்கின்றன. கழிவறைக் குழி குறித்துப் பயணிகள் பலர் தவறாகவே எண்ணுகின்றனர். மண்ணில் புதைத்தால் மட்கிவிடும் என்பது வெப்பமான ஊர்களின் அனுபவம். ஆண்டில் பாதி நாள் உறைந்து கிடக்கும் நிலத்தில் நுண்ணுயிர்களின் வேலை மிக மெதுவாகவே நடக்கிறது. சென்ற ஆண்டு புதைத்தது இந்த ஆண்டு பனி உருகும்போது நீரோடையை எட்டலாம். அந்த ஓடையின் நீரைத்தான் கீழே உள்ள கிராமமும் குடிக்கிறது.

கெட்டுப்போன புல்வெளியை மீட்க என்ன தேவை என்பதற்குத் தயாரா புக்யால் ஒரு சான்று. அங்கே மண்ணரிப்பால் பிளந்த ஓடைகளை அடைக்க வனத்துறை தென்னை நார் வலைகளைச் சரிவில் விரித்தது. 'பிருல்' எனப்படும் உதிர்ந்த பைன் ஊசியிலைகளையும் மூங்கிலையும் கொண்டு தடுப்புகள் கட்டியது. சிமென்ட்டும் கல்லும் பயன்படுத்தாத இம்முறை பலராலும் பாராட்டப்பட்டது. எனினும், கடற்கரையோரத்தில் விளையும் தென்னையின் நாரை 3,000 மீட்டருக்கு மேல் ஏற்றி, கையால் விரித்து, முளைக்கட்டையடித்துப் பொருத்தித்தான் புல்லுக்கு மறுபடியும் இடம் தேட வேண்டியிருந்தது.

நீதிமன்றம் சொன்னது

வழக்கைத் தொடுத்தவர்கள் வெளியூர் ஆர்வலர்கள் அல்லர். அலி, பேதினி, பக்ஜி புல்வெளிகளைக் காப்பதற்கென உள்ளூரில் அமைந்த குழுவே 2014-ஆம் ஆண்டு பொதுநல மனுவைத் தாக்கல் செய்தது. புல்வெளிகளில் எழுப்பப்பட்ட கண்ணாடியிழைக் குடில்களும் குவியும் குப்பையும் அம்மனுவின் பின்னணியில் இருந்தன.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த தீர்ப்பு, புக்யால்களில் உள்ள நிலையான கட்டுமானங்களை அகற்றுமாறு ஆணையிட்டது. இரவு தங்கலைத் தடை செய்தது. வணிக நோக்கிலான மேய்ச்சலைத் தடுத்து, உள்ளூர் மேய்ப்பர்களுக்கு மட்டும் கட்டுப்பாட்டுடன் இடமளித்தது. பயணிகளின் எண்ணிக்கைக்கு 200 என்ற உச்சவரம்பை விதித்தது.

இந்த 200 என்ற எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். புக்யால்கள் ஒரே அளவினவை அல்ல. சில, ஒரு மணி நேரம் நடந்தாலும் முடியாத அளவுக்கு விரிந்தவை. சில, ஊர் மைதானத்தை விடச் சற்றே பெரியவை. ஒன்றில் தண்ணீர் தாராளமாக ஓடும்; மற்றொன்றில் ஒரு சுனை மட்டுமே இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே எண் என்பது நிர்வாகத்துக்கு எளிது, நிலத்துக்குப் பொருந்துமா என்பது ஐயமே. அதேபோல், பருவம் முழுதும் நிற்கும் ஐம்பது கூடாரங்களையும், ஓரிரவு நின்று மறையும் ஒற்றைக் கூடாரத்தையும் தடை வேறுபடுத்திப் பார்க்கவில்லை.

தீர்ப்புக்குப் பத்து மாதங்கள் கழித்து, 2019 ஜூனில், அவுலியில் நடந்த ஒரு பெரும் செல்வந்தர் வீட்டுத் திருமணம் இதே விவாதத்தை மீண்டும் கிளப்பியது. சுற்றுச்சூழல் பாதிப்புக்கு ஈடாக 3 கோடி ரூபாயை முன்கூட்டியே செலுத்துமாறு அப்போது உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. முதுகில் பையுடன் வரும் நடைப்பயணிக்கும், நூற்றுக்கணக்கான விருந்தினரோடு வரும் திருமணத்துக்கும் புல்லின் மீது ஒரே சட்டம்தானா என்று உள்ளூரில் அன்று எழுந்த கேள்வியில் நியாயம் இருந்தது.

ரூப்குண்ட்: முகாமை எடுத்தால் பாதையே இல்லை

தடையின் முழு விளைவையும் காட்டும் பாதை ரூப்குண்ட். சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் உள்ள இச்சிறு ஏரியின் கரையில் மனித எலும்புகள் குவிந்து கிடப்பதை 1942-இல் வனக்காவலர் ஒருவர் கண்டறிந்து தெரிவித்தார். ஒரே புயலில் சிக்கி மடிந்த ஒரே கூட்டம் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 38 பேரின் எலும்புகளில் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான மரபணு ஆய்வு, அவர்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இடைவெளியில் வெவ்வேறு காலங்களில் இறந்தவர்கள் எனக் காட்டியது. அவர்களுள் ஒரு பகுதியினரின் மரபணு கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதி மக்களுடன் ஒத்துப்போனது. அவர்கள் எதற்காக அங்கு வந்தனர் என்பது இன்னும் தெரியாத புதிர்.

இந்தப் புகழே பேதினியில் கூட்டத்தைப் பெருக்கியது. வழக்கமான பயணம் சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் உள்ள லோஹாஜங்கில் தொடங்கும். வாண் கிராமம், கைரோலி பாதல் என்னும் காட்டு முகாம், பேதினி புக்யால், பாதர் நசௌனி, சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் உள்ள பகுவாபாசா என்று ஒவ்வோர் இரவும் சற்று உயரத்தில் தங்கி, கடைசி நாளில் ஏரியைத் தொட்டுத் திரும்புவர்.

இப்படிப் படிப்படியாகத் தங்குவது வசதிக்காக மட்டும் அன்று. 2,500 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் குறைந்து, ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. உடல் அதற்குப் பழக நாள்கள் தேவை. 3,000 மீட்டரைத் தாண்டிய பின் முந்தைய இரவைக் காட்டிலும் 500 மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் உறங்கக் கூடாது; மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பதே மலை மருத்துவத்தின் பொது அறிவுரை. பகலில் எவ்வளவு உயரம் தொட்டோம் என்பதை விட, இரவில் எந்த உயரத்தில் படுத்தோம் என்பதே முதன்மையானது. இதை மீறினால் தலைவலி, குமட்டலில் தொடங்கும் மலைநோய், நுரையீரலில் நீர் கோத்தல் அல்லது மூளை வீக்கம் என உயிருக்கு ஆபத்தாக முற்றலாம்.

பேதினியிலும் அதற்கு மேலும் தங்கக் கூடாது என்றால், கடைசிக் காட்டு முகாமான கைரோலி பாதல் சுமார் 3,000 மீட்டர் உயரத்திலேயே நின்றுவிடுகிறது. அங்கிருந்து 2,000 மீட்டர் ஏறி, அதே நாளில் இறங்கி வருவது பயிற்சி பெற்ற மலையேறுபவருக்கே கடினம். விடுமுறையில் வந்த அலுவலக ஊழியருக்கு இயலாத காரியம். எனவே ரூப்குண்ட் செல்லக் கூடாது என்று தனியே ஒரு தடை தேவைப்படவில்லை. இரவு தங்கலை நிறுத்தியதும் அப்பாதையில் வணிகப் பயணங்கள் தாமாகவே நின்றன. அலி, பேதினி புல்வெளிகளைக் காட்டு முகாமிலிருந்து பகலில் சென்று பார்த்துத் திரும்பும் பயணம் மட்டுமே எஞ்சியது.

இதற்கு மாறான காட்சி அதே சமோலி மாவட்டத்தின் மலர்ப் பள்ளத்தாக்கில் கிடைக்கிறது. 87.5 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அத்தேசியப் பூங்காவில் இரவு தங்க அனுமதி இல்லை. சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் உள்ள காங்கரியாவில் தங்கி, காலையில் உள்ளே சென்று மாலைக்குள் வெளியேற வேண்டும். இந்த ஏற்பாடு பல ஆண்டுகளாகச் சிக்கலின்றி நடக்கிறது. காரணம் எளியது. பூங்காவின் வாசலருகே விடுதிகள் கொண்ட ஊர் இருக்கிறது. பள்ளத்தாக்கும் காங்கரியாவை விடச் சில நூறு மீட்டரே உயரம். இதே விதியைக் கிராமமே இல்லாத நெடும்பாதைகளுக்கு அப்படியே எடுத்துச் சென்றபோதுதான் சிக்கல் பிறந்தது.

சஹஸ்த்ர தால் விட்டுச்சென்ற பாடம்

உயரத்தில் ஒதுங்க இடமின்றிச் சிக்கினால் என்ன நேரும் என்பதை 2024 ஜூன் மாதத்தில் நாடே பார்த்தது. கர்நாடகத்திலிருந்து சென்றவர்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட 22 பேர் குழு ஒன்று, மே 29 அன்று உத்தரகாசி மாவட்டத்திலிருந்து சஹஸ்த்ர தால் ஏரிகளை நோக்கிப் புறப்பட்டது. ஜூன் 3 அன்று, 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், முகாமுக்குத் திரும்பும் வழியில் பனிப்புயல் அவர்களைச் சூழ்ந்தது. வழி தெரியாமல் திறந்தவெளியில் இரவைக் கழிக்க நேர்ந்தது. 9 பேர் உயிரிழந்தனர். விமானப்படை ஹெலிகாப்டர்களும் மாநிலப் பேரிடர் மீட்புப் படையினரும் 13 பேரை மீட்டனர்.

அது ஜூன் மாதம் என்பதை மறக்கக் கூடாது. சமவெளியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாள்கள் அவை. உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் கூடும்போதும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறைகிறது. அதனுடன் காற்றும் ஈரமும் சேர்ந்தால் உடல் வெப்பம் மிக விரைவாக இறங்கும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே சென்றால் அதை 'ஹைப்போதெர்மியா' என்கிறது மருத்துவம். முதலில் நடுக்கம், பிறகு நாக்குழறல், தடுமாற்றம், முடிவெடுக்க இயலாமை. குளிரில் விறைப்பவர் தமக்கு வெப்பமாக இருக்கிறது என்று மேலாடையைக் கழற்றுவதும் உண்டு. அந்நிலையில் ஒருவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள முடியாது. காற்றைத் தடுக்கும் ஒரு துணிச்சுவரும் உலர்ந்த உடையும் உறக்கப் பையும் அந்த நேரத்தில் மருந்தை விடப் பெரியவை.

இந்த விபத்துக்குக் கூடாரத் தடை காரணம் என்று கூறுவதற்கில்லை. அப்படிக் கூறவும் கூடாது. வானிலை, புறப்பட்ட நேரம், உடன் எடுத்துச் சென்ற பொருள்கள் எனப் பல காரணிகள் இத்தகைய நிகழ்வுகளில் பின்னிக் கிடக்கும். ஆனால், உயர்ந்த இலக்குக்கும் தங்குமிடத்துக்கும் இடையிலான தொலைவு கூடக் கூட, புயல் வருமுன் திரும்பிச் சேரும் வாய்ப்பு குறைகிறது என்பது கணக்கு. இமயமலையில் பிற்பகலில் மேகம் திரள்வது வழக்கம். அதனால்தான் வழிகாட்டிகள் நண்பகலுக்கு முன் கணவாயைக் கடந்துவிட வேண்டும் என்று வற்புறுத்துகின்றனர். விதிகள் வகுப்போர் இந்தக் கணக்கையும் மேசையில் வைக்க வேண்டியிருக்கிறது.

தகவல் தொடர்பு இன்னொரு குறை. பனிப்புயலில் சிக்கியது 3-ஆம் தேதி. நிர்வாகத்துக்குச் செய்தி எட்டியது மறுநாள். பிற நாடுகளில் ஆளற்ற மலைகளுக்குச் செல்வோர் செயற்கைக்கோள் வழியே ஆபத்துச் செய்தி அனுப்பும் சிறு கருவியைச் சட்டைப்பையில் வைத்திருப்பது இயல்பு. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி அத்தகைய கருவியையோ செயற்கைக்கோள் தொலைபேசியையோ வைத்திருப்பது குற்றம். எல்லைப் பாதுகாப்பு கருதி ஏற்பட்ட விதி அது. அறியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் பிடிபட்டதும் உண்டு.

நினைத்த இடத்தில் தங்கும் உரிமை உண்டா?

ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவரும் மலைகளில் நடக்கவும் கூடாரமடித்துத் தங்கவும் உரிமை தருகிறது. இங்கிலாந்தின் டார்ட்மூர் பகுதியில் அவ்வுரிமை உண்டு என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் உறுதி செய்தது. இந்தியாவில் அப்படிப்பட்ட பொது உரிமை கிடையாது. காப்புக்காடுகளுக்கு 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமும், சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும். இரண்டிலும் அனுமதியின்றி நுழைவதே குற்றமாகலாம். தீ மூட்டுவது தனிக் குற்றம். எல்லையோரப் பகுதிகளுக்கு உள்கோட்டு அனுமதி வேறு தேவை.

உத்தராகண்டில் இதற்கிடையே மூன்றாவதாக ஒரு நிலவகை உள்ளது. 1931-ஆம் ஆண்டின் விதிகளில் தொடங்கும் 'வன பஞ்சாயத்து' முறையில், கிராமத்தாரே நிர்வகிக்கும் காடுகள் அவை. மாநிலம் முழுதும் இத்தகைய பஞ்சாயத்துகள் பல்லாயிரம் இருக்கின்றன. கிராமங்களின் பங்கு பற்றிப் பேசும் எவரும் இறுதியில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

தடையின் விலையைக் கொடுப்பவர் யார்?

பாதை மூடப்பட்டால் பெருநிறுவனம் வேறு மாநிலத்தில் வேறு பாதைக்குப் போய்விடும். லோஹாஜங்கிலும் வாணிலும் வீட்டறையை வாடகைக்கு விட்டவருக்கும், கோவேறு கழுதை வாங்கக் கடன்பட்டவருக்கும், வழிகாட்டியாகவோ சமையல்காரராகவோ பருவத்தில் கூலி ஈட்டிய இளைஞருக்கும் அந்த வசதி இல்லை. மலைக் கிராமங்களை விட்டு மக்கள் வெளியேறுவது உத்தராகண்டின் தீராத கவலையாக இருக்கும் நிலையில் இது சிறு செய்தி அன்று.

இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. மலையேற்றக் குழுக்களின் குப்பையும் விறகுக்கான மரவெட்டும் பெருகியதால், நந்தா தேவி சிகரத்தைச் சூழ்ந்த உட்பகுதி 1983-இல் மூடப்பட்டது. காடு தேறியதாகப் பின்னாளில் ஆய்வுகள் கூறின. ஆனால், சுமை தூக்கியும் ஆடு மேய்த்தும் வாழ்ந்த லதா முதலிய கிராமங்கள் வருவாய் இழந்தன. 'சிப்கோ' இயக்கம் பிறந்த மண்ணின் மக்களே காட்டுக்குள் நுழைய முடியாதவர்கள் ஆயினர். அக்கிராமத்தார் தங்கள் உரிமைக்காகப் போராடி, 2001-இல் சமூகம் சார்ந்த சுற்றுலாவுக்கான ஒரு சாசனத்தையும் வெளியிட்டனர்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மே, ஜூன் மாதங்களில் 'கீடா ஜடி' எனப்படும் பூஞ்சையைத் தேடி ஊர் ஊராக மக்கள் புக்யால்களுக்கு மேலேறி வாரக்கணக்கில் கூடாரங்களில் தங்குகின்றனர். வெளிச்சந்தையில் பெருவிலைக்குப் போகும் அப்பூஞ்சைதான் பல குடும்பங்களுக்கு ஆண்டு வருமானம். அவர்கள் மூட்டும் விறகும் விட்டுச்செல்லும் குப்பையும் நடைப்பயணிகளுடையதை விடக் குறைவானவை என்று சொல்ல முடியாது. புல்வெளிக்கு ஏற்படும் காயத்தைப் பயணிகளின் கணக்கில் மட்டும் எழுதுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று.

சிக்கிமின் வழி

தடைக்கும் தாராளத்துக்கும் இடையில் ஒரு பாதை உண்டு என்பதைச் சிக்கிம் காட்டுகிறது. காஞ்சன்ஜங்கா தேசியப் பூங்காவின் நுழைவாயிலான யுக்சமில், 1996-இல் உள்ளூர் இளைஞர்கள் ஒரு பாதுகாப்புக் குழுவை அமைத்தனர். கோய்ச்சா கணவாய்க்குச் செல்லும் குழுக்கள் குப்பையாகக்கூடிய பொருள்களின் பட்டியலைப் புறப்படும்போதே ஒப்படைக்க வேண்டும். திரும்பும்போது அவற்றைக் காட்ட வேண்டும் என்ற நடைமுறையை அவர்கள் கொண்டுவந்தனர். விறகுக்குப் பதில் மண்ணெண்ணெய் அல்லது எரிவாயு. தங்குவதற்குச் சோக்கா, சோங்ரி, தான்சிங் எனக் குறிப்பிட்ட இடங்கள் உள்ளன. நினைத்த இடத்தில் கூடாரம் இல்லை. ஆனால் உடல் பழகுவதற்கேற்ற உயரங்களில் தங்குமிடம் உண்டு.

தமிழ்நாடும் இவ்வகையில் தன் விதிகளைத் துயரத்தின் பின்னரே எழுதியது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் திட்டம், 40 பாதைகளில் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் இணையவழி முன்பதிவில் நடக்க வழி செய்தது. அங்குள்ள காடுகளில் யானை நடமாட்டம் இருப்பதால், பகலில் நடந்து பகலிலேயே திரும்புவதே பொருத்தமானது. அந்த அனுபவத்துடன் இமயமலைக்குச் செல்லும் தமிழகப் பயணிகள், இரவு முகாம் என்பது வேறு வகைத் தேர்வு என்பதை உணர்ந்து செல்ல வேண்டும்.

புறப்படும் முன் கேட்க வேண்டியவை

உத்தராகண்டில் நடைப்பயணத்துக்குப் பதிவு செய்வோர், ஒவ்வோர் இரவும் தங்கும் இடத்தின் பெயரையும் உயரத்தையும் எழுத்தில் கேட்டுப் பெறலாம். அவற்றுள் எது புக்யாலுக்குள் இருக்கிறது, எது காட்டு எல்லைக்குள் இருக்கிறது என்பதைச் சம்பந்தப்பட்ட வனக்கோட்ட அலுவலகத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளலாம். தடை காரணமாக ஒரு முகாமை விட்டுவிட்டு இரண்டு நாள் ஏற்றத்தை ஒரே நாளில் முடிக்கத் திட்டமிட்டிருந்தால், அப்பயணத்தை ஏற்பதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். குழு உச்சிக்குச் செல்லும் நாளில் காற்றைத் தடுக்கும் அவசரத் தங்கல் துணி, உலர்ந்த மாற்றுடை, ஆக்சிஜன் ஆகியவை மேலே வருமா, கீழ் முகாமிலேயே விடப்படுமா என்பதும் கேட்கத்தக்க கேள்வியே.

தாமே கூடாரம் சுமந்து செல்வோருக்கு, அனுமதி உள்ள இடத்திலும் சில நடைமுறைகள் உண்டு. பசும்புல்லைத் தவிர்த்துப் பாறை, சரளை அல்லது முன்பே தேய்ந்த தரையில் கூடாரம் அடிக்க வேண்டும். நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வாய்க்கால் வெட்டக் கூடாது. வறண்டு கிடக்கும் ஓடைப் படுகையில் படுக்கக் கூடாது. மேலே பெய்யும் மழை கீழே தெரியாமலே வந்து சேரும். உறைநிலத்தில் கழிவைப் புதைப்பதை விடப் பையில் அடைத்துக் கீழே கொண்டுவருவதே சரியான முறை. கேட்க அருவருப்பாகத் தோன்றினாலும் பல நாட்டு மலைகளில் அது வழக்கத்துக்கு வந்துவிட்டது.

அலி, பேதினி செல்ல விரும்புவோர் இன்றும் வாண் வழியே செல்லலாம். மரங்களுக்கு இடையே உள்ள முகாமில் உறங்கி, விடியலுக்கு முன் விளக்குடன் நடக்கத் தொடங்கினால், திரிசூலின் மீது முதல் வெயில் விழும் நேரத்தில் புல்வெளியை எட்டிவிடலாம். மேகம் திரள்வதற்குள் இறங்கிவிட வேண்டும்.